ஒற்றைக் கப்பல் வரும் துறை: கிரேக்கத்தின் சிறு தீவுகளும் குடும்ப விடுமுறையும்

கிரேக்க நாட்டுக் கடலில் தீவுகளும் திட்டுகளுமாக ஏறக்குறைய 6,000 இருக்கின்றன. ஆள் குடியிருப்பவை 227 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2023இல் அந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 3 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகம். நாட்டின் மக்கள்தொகையோ ஒரு கோடியைச் சற்றே தாண்டியது. வந்தவர்களில் பெரும்பகுதி ஏதென்ஸ், கிரீட், ரோட்ஸ், கோர்ஃபு, சாந்தோரினி, மீகொனோஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இடங்களிலேயே இறங்குகிறது. சாந்தோரினியில் வசிப்பவர்கள் ஏறக்குறைய 15,500 பேர். உல்லாசக் கப்பல்களில் வந்து இறங்குவோர் ஒரு நாளைக்கு 8,000 பேரைத் தாண்டக் கூடாது என்று அங்கே 2025இல் வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜூலையிலிருந்து சாந்தோரினியிலும் மீகொனோஸிலும் அப்படிக் கரையிறங்கும் ஒவ்வொருவரும் கோடை உச்சத்தில் 20 யூரோ கட்ட வேண்டும்.

இந்த நெரிசலுக்கு வெளியே இருக்கும் தீவுகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. பெரும்பாலானவற்றில் விமான நிலையம் கிடையாது. சில நூறு பேரோ இரண்டாயிரம் பேரோ வாழ்வார்கள். துறையில் இறங்கினால் ஒரு ரொட்டிக்கடையும் தேவாலயமும் தவேர்னா எனப்படும் நான்கைந்து உணவகங்களும் கண்ணில் படும். பிள்ளைகளோடு விடுமுறைக்குக் கிளம்பும் ஐரோப்பியக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக இவற்றைத் தேடி வருகின்றன. அவர்களுக்கு அங்கே உண்மையில் என்ன கிடைக்கிறது, எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தத் தீவு ஒத்துவரும், அவர்கள் வருவதால் தீவுக்கு என்ன ஆகிறது? இம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் கேள்வி முழுமை பெறும். பயண நூல்கள் முதலிரண்டோடு நின்றுவிடுகின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவுகளின் அமைதிக்குக் காரணம் அவற்றின் குறைகள். விமானம் இறங்க இடமில்லை. பெரிய உல்லாசக் கப்பல் அணையத் துறையில்லை. குடிநீர் போதாது. காற்று அடித்தால் போக்குவரத்து நின்றுவிடும். வருகிறவர்களின் நிம்மதியும் அவர்கள் படும் அவதியும் ஒரே வேரிலிருந்துதான் முளைக்கின்றன. குறைகளுக்கு ஏற்றபடி விடுமுறையை அமைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இவை அருமையான இடங்கள். அது முடியாத குடும்பத்துக்குக் கிரீட், ரோட்ஸ் போன்ற பெரிய தீவுகளே பொருந்தும். அதில் தவறேதும் இல்லை.

கப்பலிலிருந்து தொடங்கலாம். நாக்சோஸுக்கும் அமோர்கோஸுக்கும் நடுவில் சிறு சைக்ளேட்ஸ் எனப்படும் தீவுகள் இருக்கின்றன: இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனீசி, தொனூசா. 'எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலீதிஸ்' என்றொரு சிறிய கப்பல் அமோர்கோஸின் கதாபொலா துறையிலிருந்து கிளம்பி, இத்தீவுகளைத் தொட்டுக்கொண்டு நாக்சோஸ் போய்த் திரும்புகிறது. துறை நெருங்கும்போதே கப்பலின் பின்கதவு சங்கிலியில் இறங்கத் தொடங்கிவிடும். அது கரையைத் தொட்டதும் எரிவாயு உருளைகள், தக்காளிப் பெட்டிகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் பாட்டி, தள்ளுவண்டியில் தூங்கும் வெளிநாட்டுக் குழந்தை எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும். ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கதவு மேலே எழும்பும். எல்லாம் சில நிமிட வேலை. பெட்டி படுக்கையோடும் இரண்டு பிள்ளைகளோடும் போகிறவர்கள் முந்தைய துறை தாண்டியதுமே கீழ்த்தளத்துக்கு வந்து காத்திருக்க வேண்டும்.

கோடையில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல்களும் வேகக் கப்பல்களும் கூஃபோனீசிக்கு வருகின்றன. குளிர்காலத்தில் தீவைப் பெரும்பாலும் தாங்குவது இந்தச் சிறிய கப்பல்தான். கிரேக்க அரசு லாபம் வராத தடங்களுக்கு மானியம் கொடுத்துக் கப்பல் ஓட வைக்கிறது. கடலில் போவதற்கும் அதே தூரம் நிலத்தில் போவதற்கும் உள்ள கட்டண வேறுபாட்டைத் தீவுவாசிகளுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடும் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வாரம் தங்கிப் போகும் குடும்பத்துக்கு இதெல்லாம் சம்பந்தமில்லாத நிர்வாகச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஜனவரியில் கப்பல் வராவிட்டால் தீவில் பள்ளிக்கூடம் நடக்காது. பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் இளம் தம்பதிகள் இருக்க மாட்டார்கள். அவர்கள் போய்விட்டால் ஜூலையில் ரொட்டிக்கடையைத் திறக்கவும் ஆளிருக்காது.

அடுத்தது காற்று. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற வறண்ட காற்று வீசும். வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் கொந்தளிக்கும். நாட்கணக்கில் ஓயாமல் அடிக்கவும் செய்யும். காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8ஐத் தொட்டால், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால், பெரிய கப்பல்களுக்கே பொதுவாகத் தடை விதித்துவிடுவார்கள். வேகக் கப்பல்களும் சிறு படகுகளும் அதற்கு முன்பே நிறுத்தப்படும். ஆகவே சிறு தீவிலிருந்து கிளம்பும் அன்றே விமானம் ஏறுவதாகத் திட்டமிடக் கூடாது. ஏதென்ஸிலோ நாக்சோஸிலோ ரோட்ஸிலோ கடைசி இரவைக் கழிப்பதுதான் அனுபவப்பட்டவர்களின் வழக்கம். பிள்ளைகளுக்கு நல்ல இறுதி நாளாகவும் அது அமைந்துவிடுகிறது.

கிரேக்கத்தின் மேற்குப் பக்கத்து அயோனியன் கடல் இதற்கு நேர்மாறு. அங்கே கோடைக் காற்று பிற்பகலில் எழுந்து அந்தியில் அடங்கும். மழையும் கூடுதல் என்பதால் கரை வரை பச்சை. கைக்குழந்தையோடும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளோடும் முதல் முறை போகிறவர்களுக்கு அயோனியன் தீவுகளையே நான் பரிந்துரைப்பேன். லெஃப்காதா தீவு நிலப்பகுதியோடு சாலையால் இணைந்தது. அதன் நீத்ரி துறையிலிருந்து படகில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மேகனீசி வந்துவிடும். கோர்ஃபுவுக்குத் தெற்கே இருக்கும் பாக்சோஸுக்குக் கோர்ஃபு நகரத் துறையிலிருந்து வேகப்படகில் சுமார் ஒரு மணி நேரம். காயோஸ், லோகோஸ், லாக்கா என்று மூன்று சிற்றூர்கள். இடையில் வெனிஸ் ஆட்சிக் காலத்தில் நடப்பட்டு முறுக்கேறி நிற்கும் ஆலிவ் தோப்புகள், அவற்றுக்கு நடுவே கல்சுவர் வைத்த ஒற்றையடிப் பாதைகள். தீவில் வசிப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்: பாக்சோஸின் கடற்கரைகள் கூழாங்கல் கரைகள். மணலில் கோட்டை கட்ட ஆசைப்படும் குழந்தை ஏமாந்துபோகும். மணலுக்குப் பக்கத்துத் தீவான ஆன்டிபாக்சோஸுக்குப் படகில் போய்வர வேண்டும். கடலில் இறங்குவதற்கு ரப்பர் காலணி அவசியம். கடல் முள்ளெலியின் முள் காலில் ஏறினால் அன்றைய பொழுது அழுகையில் போய்விடும்.

மணல்தான் வேண்டுமென்றால் கூஃபோனீசி. தீவின் பரப்பு ஆறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, ஊர்மக்கள் ஏறக்குறைய 400 பேர். ஊரிலிருந்து கரையோரமாகவே நடந்தால் ஃபினிகாஸ், ஃபானோஸ், இதாலிதா என்று ஒன்றன்பின் ஒன்றாக மணற்கரைகள் வரும், கடைசியில் போரி விரிகுடா. ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடுகிறது. கார் தேவையே இல்லை. பாத்மோஸுக்கும் லேரோஸுக்கும் அருகிலுள்ள லிப்சியும் சின்னப் பிள்ளைகளுக்கு உகந்தது. அதன் பிளாத்திஸ் யாலோஸ் கடற்கரையில் ஒரு குழந்தை வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கஸ்தெலோரிசோவின் நிலை வேறு. துருக்கிக் கரையைப் பார்த்தபடி வண்ண வீடுகள் வரிசை கட்டிய அழகிய துறை அது. 'மெதித்தெரானியோ' என்ற இத்தாலியப் படம் அங்கே எடுக்கப்பட்டு, வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருது வாங்கியது. ஆனால் சொல்லிக்கொள்ளும்படி கடற்கரை கிடையாது. படித்துறையின் ஏணி வழியாக நேரே ஆழத்தில் இறங்கித்தான் நீந்த வேண்டும். நீச்சல் நன்கு தெரிந்த பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சாகசம், மற்றவர்கள் தவிர்க்கலாம். ஹீத்ரா தீவில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை, சுமை தூக்குவது கோவேறு கழுதைகள். ஆனால் ஏதென்ஸுக்கு அருகில் இருப்பதால் பகலெல்லாம் கூட்டம்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு மணலும் தண்ணீரும் இரண்டு மூன்று நாளில் சலித்துவிடும். அவர்களை மனத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தீலோஸ். ரோட்ஸுக்கும் கோஸுக்கும் இடைப்பட்டது. ஊர்மக்கள் எழுநூற்றுச் சொச்சம். 1971இல் அங்குள்ள ஹர்காதியோ குகையைத் தோண்டியபோது குட்டை யானைகளின் எலும்புகள் கிடைத்தன. நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய மனித உயரமே இருக்கும் யானைகள். சின்னத் தீவில் தீனி குறைவு, அடித்துத் தின்னும் பெரிய விலங்கும் இல்லை. தலைமுறை தலைமுறையாக உடல் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவைதான் எனக் கருதப்படுகிறது. பாடப்புத்தகத்தில் பரிணாமம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது நடந்த இடத்தையே காட்டிவிட முடிகிறது. எத்தனை ஊர்களில் அது முடியும்?

தீலோஸில் 1993 முதல் வேட்டைக்குத் தடை. அதனால் பறவைகள் பெருகியிருக்கின்றன. வலசை வரும் எலியோனோரா வல்லூறுகளைப் பாறைச் சரிவுகளில் பார்க்கலாம். தீவின் உட்பகுதியில் மிக்ரோ ஹொரியோ என்ற கைவிடப்பட்ட ஊர் இருக்கிறது. கடற்கொள்ளையருக்கு அஞ்சிக் கடல் கண்ணில் படாத சரிவில் கட்டப்பட்ட ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மக்கள் ஒவ்வொருவராகக் கீழே லிவாதியா துறைக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று கூரையில்லாத கல்வீடுகள் மட்டும் நிற்கின்றன. வாசற்படி இருக்கிறது, அடுப்படிக் கரி படிந்த சுவர் இருக்கிறது, உள்ளே அத்திமரம் முளைத்திருக்கிறது. நடுவில் வெள்ளையடித்த தேவாலயம் மட்டும் இன்றும் பராமரிக்கப்படுகிறது. மாலை வெயிலில் பிள்ளைகளோடு அந்தச் சந்துகளில் நடந்தால், வீடுகளை எண்ணிக்கொண்டே வரும் பிள்ளை எப்படியும் கேட்கும்: இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

தீலோஸ் இன்னொரு வகையிலும் கவனிக்கத் தக்கது. முன்பு கோஸ் தீவிலிருந்து கடலடிக் கம்பிவழி வந்த மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் ஒன்றின் கீழ் 800 கிலோவாட் காற்றாலை, 160 கிலோவாட் சூரிய மின்தகடுகள், அவற்றோடு பெரிய மின்கலங்கள் நிறுவப்பட்டன. 2017இல் அத்திட்டம் ஐரோப்பிய விருது பெற்றது. பின்னர் தெருக் குப்பைத்தொட்டிகளை எடுத்துவிட்டு, தரம்பிரித்த குப்பையை வீட்டு வாசலிலேயே வந்து வாங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய குப்பைமேடு மூடப்பட்டது. இந்தத் தரம்பிரிப்பு விடுதி அறைக்கும் பொருந்தும். ஒரு வாரம் தங்கும் குடும்பமும் எதை எந்தப் பையில் போடுவது என்று கற்றுக்கொண்டாக வேண்டும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

பெரிய பிள்ளைகளுக்காக அலோனிசோஸ் தீவையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். அழியும் நிலையிலிருந்த மத்தியதரைக்கடல் துறவிச் சீலைக் காப்பதற்காக 1992இல் அமைக்கப்பட்ட கடல் தேசியப் பூங்கா அங்கேதான் இருக்கிறது.

தீவின் நாள் எப்படிப் போகிறது என்பதற்கு வருவோம். குடும்பங்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் கடலைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். காலையில் ரொட்டியும் கீரை அடையும் வாங்க ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பலாம். கடைக்காரருக்கு இரண்டாம் நாளே பெயர் தெரிந்துவிடும். பகல் ஒரு மணிக்குள் கடலிலிருந்து திரும்பிவிட வேண்டும். கோடையில் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரை சத்தம் போடக் கூடாது என்பது கிரேக்கத்தில் சட்டமாகவே இருக்கிறது. கதவடைத்து ஊரே உறங்கும். வெளிநாட்டுக் குடும்பங்கள் முதலில் இதை நேர விரயமாக எண்ணுகின்றன, பிறகு அவையும் உறங்கப் பழகிக்கொள்கின்றன. அதற்கான பலன் இரவில் தெரியும். ஒன்பது மணிக்குச் சதுக்கத்தில் மேசை போடுவார்கள். வண்டி வராத கல்தளத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள். கொஞ்ச நேரம் நாற்காலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் வெளியூர்ச் சிறுமியிடம் பந்து உருண்டு வரும். அவள் திருப்பி உதைப்பாள். அதோடு பதினொரு மணி வரை அவளைக் காணமுடியாது. தவேர்னாவில் பரிமாறுகிறவர், எதிர்த்திண்ணைக் கிழவி, மீன்வலை பின்னுகிறவர் எல்லோருமே ஒரு கண் வைத்திருப்பார்கள். பெருநகரத்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு இது கிடைப்பதற்கரிய நிம்மதி.

சாப்பாட்டில் பிள்ளைகளுக்கென்று தனிப் பட்டியல் தேவைப்படுவதில்லை. தட்டுகளை நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து உண்பதே அவர்கள் வழக்கம். சைவ உணவுக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்கள் ஆண்டில் பாதியை நெருங்கும் என்பதால், இறைச்சி இல்லாமல் சமைக்கும் கலை அங்கே வெகுவாக வளர்ந்திருக்கிறது. மசித்த ஃபாவா பருப்பு, தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, அரிசி அடைத்த குடைமிளகாய், ஆலிவ் எண்ணெயில் வதங்கிய பச்சைப் பீன்ஸ், எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரை என எல்லா இடத்திலும் கிடைக்கும். ஸ்கினூசாவில் விளையும் ஃபாவாவுக்குத் தனிப் பெயருண்டு.

உடல்நலத்தைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். சிறு தீவுகளில் இருப்பது ஒரு சிறிய மருத்துவ நிலையம். பெரும்பாலும் படிப்பு முடித்து ஓராண்டு கட்டாயக் கிராமப்பணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர். காய்ச்சல், காதுவலி, வெட்டுக்காயம் வரை அவர் பார்த்துக்கொள்வார். அதற்கு மேல் படகோ ஹெலிகாப்டரோ வர வேண்டும், காற்று அனுமதித்தால். மருந்துக்கடை இல்லாத தீவுகளும் உண்டு. ஆஸ்துமாவோ கடும் ஒவ்வாமையோ உள்ள பிள்ளையோடு போகிறவர்கள், பெரிய மருத்துவமனை உள்ள தீவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. ஐரோப்பா முழுவதற்குமான அவசர எண் 112 அங்கும் செல்லும்.

வெயில் அதைவிடப் பெரிய அபாயமாகிவருகிறது. 2024 ஜூன் மாதத்தில் சிமி தீவில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி, கடற்கரையிலிருந்து பகல் வெயிலில் தனியாக நடந்து போனவர், சில நாள் தேடலுக்குப் பிறகு இறந்து கிடக்கக் காணப்பட்டார். உடல்நலம் பற்றி நாட்டுக்கே சொல்லித் தந்தவர் அவர். அதே மாதம் கிரேக்கத்தின் வேறு தீவுகளிலும் நடைபோன பயணிகள் சிலர் உயிரிழந்தார்கள். பாறைச் சரிவில் நிழல் கிடையாது, பாதைகள் திடீரென்று கிளை பிரியும், கைபேசியில் தெரியும் தூரம் ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. பிள்ளைகளோடு நடப்பதென்றால் காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை ஆறுக்குப் பிறகு. 2023 ஜூலையில் ரோட்ஸில் பரவிய காட்டுத்தீயில் ஏறத்தாழ 20,000 பேரை வெளியேற்ற நேர்ந்தது. காடு குறைந்த ஈஜியன் சிறுதீவுகளில் அந்த ஆபத்து குறைவு. வெப்பமோ எங்கும் ஒன்றுதான்.

இதனால் மாதத் தேர்வு முன்னைவிட முக்கியமாகிவிட்டது. மே மாதம் மலையெல்லாம் பூக்கள், கடல் மட்டும் குளிர்ச்சி. செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், காற்றும் தணிந்திருக்கும், விடுதிக் கட்டணம் இறங்கும். பள்ளிக்குப் போகாத சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இதைவிட நல்ல காலமில்லை. பள்ளி நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு ஜூன் இறுதியும் ஜூலைத் தொடக்கமும்.

ஆகஸ்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்டு 15 அன்னை மரியாள் விண்ணேற்பு நாள். அதற்கு முன் பதினான்கு நாள் நோன்பு. தென்மாவட்டத்துக் கோயில் கொடைக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்து சேரும் குடும்பங்களைப் போல, ஏதென்ஸிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிவிட்ட தீவு வம்சங்கள் அன்றைக்குச் சொந்த ஊர் திரும்புகின்றன. தேவாலய முற்றத்தில் அண்டா வைத்துச் சமைப்பார்கள். வயலினும் லாவூதோ என்ற நரம்பிசைக் கருவியும் விடியும்வரை ஒலிக்கும். தாத்தா கைபிடித்துப் பேரன் வட்ட நடனத்தில் அடியெடுத்து வைப்பான். அமைதியை நாடிப் போகிறவர்கள் அந்த இரண்டு வாரத்தைத் தவிர்ப்பார்கள், அறையும் கிடைக்காது. தீவு யாருடையது என்று பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் குடும்பம் ஆறுமாதம் முன்பே அறை பிடித்து அன்றைக்குத்தான் போக வேண்டும்.

ஊர் திரும்புகிறவர்கள் இவ்வளவு பேர் என்றால் ஊரைவிட்டுப் போனவர்கள் எவ்வளவு பேர் இருக்க வேண்டும்! அங்கேதான் இந்த அமைதியின் மறுபக்கம் தெரிகிறது. ரோட்ஸுக்கு மேற்கேயுள்ள ஹால்கி, கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்த தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து கூட்டங்கூட்டமாக அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய்த் தார்பன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அதே தொழிலைச் செய்தார்கள். துறையிலிருந்து மலைமேல் உள்ள பழைய ஊருக்குப் போகும் சாலை அவர்கள் அனுப்பிய பணத்தில் போடப்பட்டது. 'தார்பன் ஸ்பிரிங்ஸ் சாலை' என்றே அதற்குப் பெயர். இன்று விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படும் துறைமுக மாளிகைகள் பல, அப்படிப் போனவர்கள் விட்டுச்சென்று இடிந்து கிடந்து பின்னர் புதுப்பிக்கப்பட்டவை.

கடற்பஞ்சுத் தொழிலின் கொடுமையைக் குடும்ப வாழ்க்கையின் வழியே எழுதியவர் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சார்மியன் கிளிஃப்ட். கணவர் ஜார்ஜ் ஜான்ஸ்டனோடும் இரண்டு பிள்ளைகளோடும் 1954இல் லண்டனைவிட்டுக் கலிம்னோஸ் தீவுக்குப் போனார். அடுத்த ஆண்டே ஹீத்ராவுக்கு மாறி, 1964 வரை அங்கே வாழ்ந்தார்கள். 1956இல் வெளிவந்த 'மெர்மெய்ட் சிங்கிங்' கலிம்னோஸ் ஆண்டைப் பற்றியது. ஆழத்திலிருந்து வேகமாக மேலேறியதால் கைகால் முடங்கிய இளைஞர்கள், மாதக்கணக்கில் திரும்பாத படகுகள், கறுப்புடுத்திக் காத்திருக்கும் பெண்கள் என்று அவர் கண்ட தீவு வேறு. ஜெரால்டு டரலின் 'மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்' நூலும் 1956இல்தான் வந்தது. 1935 முதல் 1939 வரை கோர்ஃபுவில் கழிந்த தன் சிறுவயதை ஒளி ததும்ப எழுதினார் டரல். கிரேக்கத் தீவும் குடும்பமும் என்றவுடன் ஆங்கிலம் படிக்கிறவர்களின் மனத்தில் எழும் சித்திரம் டரலுடையது. பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாம். பெற்றோர் கிளிஃப்டைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்றைய அழுத்தங்கள் வேறு வகை. குறுகியகால வாடகைக்கு விட்டால் வருமானம் அதிகம் என்பதால், தீவுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் வீடு கிடைப்பதில்லை. செப்டம்பரில் பள்ளி திறக்கும் வேளையில் ஆசிரியர்கள் அறை தேடி அலையும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. கடற்கரையையும் வியாபாரம் விழுங்கத் தொடங்கியது. 2023 கோடையில் பாரோஸ் தீவுவாசிகள், சாய்வுநாற்காலிகளும் குடைகளும் கரை முழுவதையும் பிடித்துக்கொண்டதை எதிர்த்துத் துண்டுகளை ஏந்திப் போராடினார்கள். மற்றத் தீவுகளுக்கும் அது பரவியது. 2024இல் வந்த சட்டம், கடற்கரையில் குறைந்தது பாதியை வாடகை நாற்காலிகள் இல்லாமல் விட வேண்டும் என்றும், நீர்விளிம்பிலிருந்து நான்கு மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் சொல்கிறது. சாதாரணத் தீவு மக்கள் போராடிப் பெற்ற உரிமை இது. துண்டு விரித்து உட்காரும் ஒவ்வொரு வெளியூர்க் குடும்பமும் இதன் பலனை அனுபவிக்கிறது.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கடினமான கணக்கு. ஆறும் ஏரியும் இல்லாத தீவுகள் மழைநீர்த் தொட்டிகளில் வாழ்ந்தன. பின்னர் தண்ணீர்க் கப்பல்கள் வந்தன. இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். 2024 கோடையில் லேரோஸும் சிஃப்னோஸும் தண்ணீர் நெருக்கடிநிலை அறிவித்தன. இந்நிலையில் கண்ணெதிரே கடலை வைத்துக்கொண்டு மலைச்சரிவு வீடுகளில் நீச்சல்குளம் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குளம் உள்ள வீடுதான் பிள்ளைகளுக்கு வசதி என்று தேடுகிற குடும்பங்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். குழாயை மூடிக் குளியலை இரண்டு நிமிடத்தில் முடிப்பது பிள்ளைகளுக்கும் பழக்கக்கூடிய ஒன்றே.

தங்குமிடத்தின் மீதான அரசுக் கட்டணமும் உயர்ந்திருக்கிறது. 2025இலிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு, நட்சத்திரத் தகுதிக்கு ஏற்ப 2 யூரோவிலிருந்து 15 யூரோ வரை பருவநிலைக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. கடையும் அறையும் உள்ளூர்க் குடும்பத்துக்குச் சொந்தமான எளிய விடுதிகளில் இதன் சுமை குறைவு. செலவழிக்கும் பணமும் தீவிலேயே தங்கும்.

வெளிநாட்டுப் பயணியைப் பற்றியே இதுவரை பேசினோம். கிரேக்கர்களின் நிலை என்ன? ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி, ஆண்டுக்கு ஒரு வாரம் வெளியூர் விடுமுறைக்குப் போக வசதியில்லாதவர்கள் அந்நாட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு விடுமுறைச் சீட்டு வழங்கும் 'சமூகச் சுற்றுலா' திட்டம் ஒன்று அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. லேரோஸ், லெஸ்போஸ், கியோஸ், கோஸ், சாமோஸ் ஆகிய தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு அதில் பத்து இரவுகள் வரை சலுகை தந்திருக்கிறார்கள். 2015இல் அகதிகள் வந்திறங்கிய பிறகு பயணிகள் குறைந்த தீவுகள் இவை. இதே சலுகையை ஸ்கினூசா, லிப்சி, தீலோஸ் அளவுள்ள தீவுகளுக்கும், கிரேக்கப் பள்ளிகள் மூடியபின் கூட்டம் சேராத ஜூன் பிற்பாதிக்கென்று, தாராளமாக விரிவுபடுத்தினால் மானியத்தில் ஓடும் கப்பல் நிரம்பும், உள்ளூர் விடுதிகளுக்குப் பருவம் முன்னதாகவே தொடங்கும், ஏதென்ஸின் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கும் அந்தச் சதுக்கத்தில் பந்து உதைக்க ஒரு வாரம் கிடைக்கும்.